சொன்னது பொம்மை அல்ல

டிசம்பர் முப்பதாம் தேதி காலையில் கியோமார் பின்வாசல் வழியாக வந்து நின்றபோதே, இவள் எதையோ கேட்க வந்திருக்கிறாள் என்று தூலியாவுக்குத் தெரிந்துவிட்டது. எதையாவது கேட்கும் தேவை இல்லாமல் இந்த ஒரு வருடத்தில் யாரும் அந்த வீட்டை எட்டிப் பார்த்ததில்லை. தேவை இருந்தவர்களும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

கியோமார் கடலோர ஊரான பாஹோவெர்தேயின் ஒரே தையல்காரி. தூலியாவின் மகனை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய். ஒரு காலத்தில் கேட்காமலே உள்ளே வந்து சட்டியைத் திறந்து பார்க்கிறவள், இப்போது சந்தில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் படியில் கால் வைத்தாள்.

"உன்னோட காப்பிக் கலர் கவுன் இருக்கா தூலி? வெள்ளைக் காலர் வச்சது."

"இருக்கு. எதுக்கு?"

கியோமார் தரையைப் பார்த்தாள். "பொம்மைக்கு."

தூலியா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடுத்து வந்தது சிரிப்பு இல்லை.

பாஹோவெர்தேயில் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் மரத்தூள் அடைத்த பொம்மை ஒன்றைச் செய்து, பழைய வருடம் என்று பெயர் வைத்து எரிப்பார்கள். அதற்கு யாருடைய மூஞ்சியை வைப்பது என்பது அந்தந்த வருடத்துக் கோபத்தைப் பொறுத்தது. ஒரு வருடம் ஜனாதிபதி, ஒரு வருடம் பெனால்டியைக் கோட்டைவிட்ட பந்தாட்டக்காரன், ஒரு வருடம் மின்சார ஆபீஸ் மேனேஜர். எரியப்போகிற வருடம் ஊருக்கு உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நாலு நாலு வரியாகப் பாட்டில் வரும் உயில். இன்னாருக்கு இன்னது என்று பெயர் சொல்லி ஆளாளுக்கு ஒரு குத்து இருக்கும். உயில் வாசிக்காமல் கொளுத்தினால் வருடம் போகாது, ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்று நம்பிக்கை. ஒரு தடவை மழைக்குப் பயந்து அவசரமாகக் கொளுத்திய வருடத்தில்தான் இறால் குட்டைகளில் நோய் விழுந்ததாம். அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இருபத்திரண்டு வருடம் அந்த உயிலை எழுதியவள் தூலியா. ஒப்தூலியா என்பது முழுப்பெயர். பெரிய நகரமான குவயாகிலில் அச்சான இரண்டு கதைப் புத்தகங்கள் அவள் பெயரில் உண்டு. அவற்றை ஊரில் ஒருவரும் படித்ததில்லை. ஆனால் உயிலை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கல்லறைப் பாட்டு, காதல் கடிதம், நகராட்சிக்கு மனு, எல்லாம் அவள் கைதான். உயிலில் அவள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கடைசியில் எழுதியவர் ஊரைப் பார்த்து, "பொம்மை சொன்னது பொம்மையோடு போச்சு" என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னால் போதும். தீ வைப்பார்கள், சொன்னதெல்லாம் சாம்பல், மறுநாள் காலை திட்டு வாங்கியவனே வந்து காப்பிக்குக் கூப்பிடுவான்.

போன வருடம் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

போன வருடத்து உயில் ஞாபகக் கூடத்தைப் பற்றியது. பூகம்பம் வந்து கடற்கரைத் தெரு முழுக்கச் சரிந்து நாலு வருடம் ஆகிவிட்டது. இருபத்து மூன்று பேர் போனார்கள். தெரு இன்றைக்கும் இடிந்த மேனிக்குத்தான் கிடக்கிறது, பள்ளிக்கூடம் கூடாரத்தில்தான் நடக்கிறது. கட்டி முடித்தது ஒன்றே ஒன்று, பழைய சந்தை இருந்த இடத்தில் தகரக் கொட்டகையாக ஞாபகக் கூடம். குளிர்சாதனம் உண்டு. உள்ளே நாற்பது நாற்காலிகள், நாற்காலிக்கு ஒன்றாக உள்ளே திரை வைத்த கண்மூடி. அதை மாட்டிக்கொண்டால் பழைய தெரு எழுந்து நிற்கும். ரொட்டிக்கடை, இரட்டைக் கோபுரத்து மாதா கோயில், வாசலில் நின்று கையசைக்கும் செத்துப்போனவர்கள். ஊர்க்காரர்களின் போனிலிருந்த படங்களையும் வீடியோக்களையும் வாங்கித்தான் எல்லாவற்றையும் செய்தார்கள். காலை எட்டு மணிக்கே வரிசை நின்றுவிடும்.

தூலியாவின் கணவன் காசியானோ அந்த வரிசையில் முதல் ஆள். படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அவன் உள்ளே போய் மகன் எதில்சனைப் பார்த்துக்கொண்டு மாலை வரைக்கும் உட்கார்ந்திருப்பான்.

தூலியாவும் ஒரு தடவை போனாள். மாட்டிக்கொண்டாள். எதில்சன் வாசலில் நின்று, "அம்மா" என்றான், தேன் ஒழுக. பெற்ற பிள்ளை வாழ்நாளில் ஒருமுறைகூட காரியம் இல்லாமல் அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை. அவள் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். அன்றைக்கு உட்கார்ந்து எழுதியதுதான் அந்த உயில். கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு அங்கே குருட்டுக் கோழி என்று பெயர். ஊருக்கு அவள் நாற்பது குருட்டுக் கோழிகளையும் ஒரு தகரக் கொட்டகையையும் எழுதி வைத்தாள். முதல் கோழியாக உட்கார்ந்திருப்பது என் புருஷன் என்று பெயரையும் போட்டாள். யாரும் சிரிக்கவில்லை. வாக்கியத்தைச் சொல் என்று கத்தினார்கள். "எதுக்குச் சொல்லணும்? சொன்னது பொம்மை இல்ல, நான்தான்" என்றாள் அவள்.

அவ்வளவுதான். அன்று ராத்திரியே காசியானோ துணியை மூட்டை கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாளிலிருந்து ஊருக்கு அவள் கண்ணில் படவில்லை. கூடை நிறைய மீன் இருக்கும்போதே தீர்ந்துபோச்சு என்பார்கள். பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாக இருக்க, நின்றுகொண்டே போவார்கள். கல்லறைப் பாட்டை இப்போது போனில் இருக்கும் எழுத்து இயந்திரம் நொடியில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அவள் தெருவில் நடந்தால் ஏதாவது ஜன்னலிலிருந்து கொக்கொக்கொக் என்று சத்தம் வரும். கோழி என்று சொல்லப்பட்டவர்கள் தாங்கள்தான் என்பதையே மறந்துவிட்டுக் கொக்கரித்தார்கள். அதைச் சொல்லிச் சிரிக்கக்கூட அவளுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

"என் மூஞ்சிதானா இந்த வருசம்?" என்றாள் தூலியா.

"கமிட்டியில எல்லாரும் கை தூக்குனாங்க. நான் என்ன பண்ண?" கியோமார் அடுப்பைப் பார்த்துப் பேசினாள். "தொன் பிலேமோன்தான் சொல்லச் சொன்னார். நாளைக்கு நீ வந்து பொம்மை காலடியில நின்னு, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிட்டாப் போதுமாம். போன வருசத்துக்கும் சேத்து. பழையபடி ஆயிடலாம் தூலி. காசியானோவும் வந்துருவான்."

ஊர் மரியாதையாகத் தொன் சேர்த்துக் கூப்பிடும் பிலேமோன் மருந்துக்கடைக்காரர். விழாக் கமிட்டித் தலைவரும் அவரே, கூடத்தின் சாவி வைத்திருப்பவரும் அவரே.

"காசியானோ அப்படிச் சொன்னானா?"

"அவன் எதைச் சொல்றான்? கூட்டத்துல சும்மா உக்காந்திருந்தான். இந்த வருசம் அவன்தான் விதவை."

பொம்மைக்கு விதவை வேண்டும். ஆம்பிளை எவனாவது கறுப்புக் கவுன் மாட்டி, நெஞ்சில் இரண்டு முலாம்பழத்தைச் செருகி, உதட்டில் சாயம் பூசிக்கொண்டு, வருகிறவர் போகிறவர் கழுத்தைக் கட்டி ஒப்பாரி வைப்பான். கடைசியில் தீக்குச்சி கிழிப்பதும் விதவைதான். பொம்மை பெண் என்றால் விதவை யார் என்ற குழப்பம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லையாம். நிஜப் புருஷனே இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்களாம்.

தூலியாவுக்கு அது வலித்தது. எரிப்பது கூட இல்லை, அவன் சரி என்று உட்கார்ந்திருந்தது வலித்தது.

"உயிலை யாரு எழுதுறா?"

"போனு எழுதுது."

"நான் பேசுற உயிலை?"

"உன் பேர்லதான் வரும், ஆமா. எதுவும் மனசு நோகுற மாதிரி இருக்காதாம். சீக்கிரம் முடிஞ்சிரும். அஞ்சு மணிக்கே கொளுத்துறோம். நடுராத்திரி மணி அடிக்கிறதைக் கூடத்துக்குள்ள உக்காந்து கேக்கறதா ஏற்பாடு, பழைய கோயில்ல." கியோமார் கடைசியாகத் தலையைத் தூக்கினாள். "ஒரே ஒரு வாக்கியம்டீ. வாயில வர்றதுதானே. உனக்கு என்ன கிரீடம் கழண்டுரும்?"

தூலியா உள்ளே போனாள். பெட்டியைத் திறந்து காப்பிக் கலர் கவுனை எடுத்துப் பார்த்தாள். அக்குளில் கிழிசல். அதை வைத்துவிட்டு, புத்தகம் வெளியானபோது போட்டுக்கொண்ட நீலக் கவுனை எடுத்தாள். கூடவே பழைய மூக்குக் கண்ணாடியையும்.

"இதைக் கொண்டுபோ. கிழிசலோட நான் எரிய மாட்டேன். இடுப்புல கொஞ்சம் தூள் ஜாஸ்தியா அடை. நான் ஒண்ணும் ஒல்லி இல்ல."

"அப்போ வந்து சொல்லுவியா?"

"வருவேன்."

கியோமார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வந்த வழியே சந்தைப் பார்த்துப் பார்த்துப் போனாள்.

தூலியா வாழைக்காயை அப்படியே போட்டுவிட்டு மேஜைக்கு வந்தாள். உண்மையைச் சொன்னால், வாக்கியத்தைச் சொல்லிவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தாள். ஒரு வருடம் தனியாகச் சாப்பிட்டவளுக்குத்தான் தெரியும், எதிரில் மென்று சாப்பிடுகிற சத்தத்துக்கு மனிதர்கள் எவ்வளவு ஏங்குவார்கள் என்று. சொல்லிவிட்டால் காசியானோ வருவான். காலையில் வருவான், எட்டு மணிக்குக் கூடத்துக்குப் போய்விடுவான். வருவது அவன் இல்லை, அவன் செருப்பு. அவளுக்கு வேண்டியது அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வருகிற ஆள். அவளோடு சேர்ந்து மகனை நினைத்து அழுகிற ஆள். அந்த வாக்கியத்தைச் சொன்னால் அந்த ஆள் என்றைக்கும் வரமாட்டான். அது தெளிவானதும் அவள் பேனாவை எடுத்தாள். இருட்டுவதற்குள் மூன்று பக்கம் எழுதினாள். கடைசிப் பக்கம் மட்டும் பாட்டாக வரவில்லை. அதை வந்தபடியே விட்டாள்.

முப்பத்தொன்றாம் தேதி மாலை நாலரைக்கெல்லாம் சதுக்கம் நிரம்பிவிட்டது. பொம்மை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கியோமார் சும்மா சொல்லக் கூடாது, கைகாரி. தூலியாவின் தாடை, முன்னால் தள்ளிய உதடு, நீலக் கவுன், எல்லாம் அச்சு அசல். இடுப்பில் மரத்தூள் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மடியில் ஒரு அடைக்கோழி பொம்மையையும் வைத்திருந்தார்கள். அது கமிட்டியின் நகைச்சுவை.

காசியானோ கறுப்புக் கவுனில், முலாம்பழங்களோடு, பொம்மையின் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துணைக்கு வேஷம் கட்டிய மற்ற விதவைகள் ஓடி ஓடிக் காசு கேட்டு அழுதார்கள். இவன் அழுகிற மாதிரி நடிக்கக்கூட இல்லை. சாயம் பூசிய உதடு இறுக மூடியிருந்தது. ஐம்பத்தொன்பது வயசு மீன்காரன் அந்தக் கோலத்தில் இருப்பதைப் பார்க்க தூலியாவுக்கு ஆத்திரமும் பரிதாபமும் சேர்ந்து வந்தது.

அவள் சதுக்கத்துக்குள் நடந்தபோது கூட்டம் வழக்கம்போல இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. பிலேமோன் மட்டும் மேடையிலிருந்து அன்பாகத் தலையசைத்தார். திருந்தி வந்த ஆட்டைப் பார்க்கிற பாதிரியார் முகம். பிறகு போனைத் தூக்கிப் பிடித்து உயிலை வாசிக்க ஆரம்பித்தார்.

"நான், ஒப்தூலியா, பாஹோவெர்தேயின் பழைய வருடம், நல்ல நினைவோடும் முழுச் சம்மதத்தோடும் எழுதி வைப்பது என்னவென்றால்..."

எழுத்து இயந்திரத்தின் பாட்டு வந்தது.

"அன்பு நிறைந்த மக்களுக்கு
அமைதி நான் தருகிறேன்,
ஒற்றுமையாய் வாழ்ந்திடவே
உங்களை நான் வேண்டுகிறேன்."

கூட்டம் காத்திருந்தது. அடுத்த பாட்டிலும் அன்பு வந்தது. அதற்கு அடுத்ததில் ஒளிமயமான எதிர்காலம் வந்தது. யார் பெயரும் வரவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டு வேலியைத் தள்ளிப் போட்டவனுக்கு ஒன்றும் இல்லை, குடித்துவிட்டுக் கூடாரக் கோயிலின் மணியை அடித்தவனுக்கும் ஒன்றும் இல்லை. திட்டு வாங்கத் தயாராக முன்வரிசைக்கு வந்து நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயர் வராவிட்டால் அந்த வருடம் அவர்கள் ஊரில் இருந்ததற்கே அடையாளம் இல்லை. பின்னால் யாரோ கொட்டாவி விட்டது நன்றாகவே கேட்டது.

"சம்மதம் இல்ல" என்றாள் தூலியா.

பிலேமோன் நிறுத்தினார். "இன்னும் முடியல தோன்யா தூலியா. உங்க வாக்கியம் கடைசியில."

"முழுச் சம்மதத்தோடன்னு வாசிச்சீங்களே. எனக்குச் சம்மதம் இல்ல. அது என் உயில் இல்ல. நான் எழுதுனது என் கையில இருக்கு."

"இது பொம்மையோட உயில்."

"பொம்மை யாரு?"

பிலேமோன் பொம்மையைப் பார்த்தார். நீலக் கவுனும் மூக்குக் கண்ணாடியும். இருபத்திரண்டு வருடமாக எந்த மூஞ்சியை வைத்தாலும் அந்த மூஞ்சிக்குச் சொந்தக்காரன் சதுக்கத்துக்கு வந்ததில்லை. ஜனாதிபதி வரமாட்டார், பந்தாட்டக்காரன் வரமாட்டான். உள்ளூர் ஆளை, அதுவும் எழுதத் தெரிந்தவளை நாற்காலியில் உட்கார வைத்தால் உயில் அவளுடையதாகிவிடும் என்பதைக் கமிட்டியில் கை தூக்கிய ஒருவரும் யோசிக்கவில்லை.

"செத்தவளே எந்திரிச்சு வந்து இது என் கையெழுத்து இல்லேங்கிறா" என்றார் வலை பின்னுகிற கிழவர் ஒருவர். "அதை மீறிக் கொளுத்தினா வருசம் போகுமா? எனக்கு இறால் குட்டை இருக்கு, சொல்லிட்டேன்." இறால் என்றதும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கொஞ்சம் பேருக்கு உண்மையிலேயே பயம். நிறையப் பேருக்கு இன்னொரு அன்பான பாட்டைக் கேட்கிற பயம். படிக்கட்டும், படிக்கட்டும் என்று அங்கங்கே குரல் வந்தது.

தூலியா மேடை ஏறினாள். காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"முதல்லயே சொல்லிடறேன்" என்றாள். "கடைசியில நான் அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டேன். பொம்மை எரிஞ்சா எரியட்டும். நான் சொன்னது எரியாது. இஷ்டம் இருந்தா கேளுங்க, இல்லேன்னா கூடம் திறந்துதான் இருக்கு."

யாரும் போகவில்லை. அவள் வாசித்தாள்.

"காய்ச்சலுக்கு மருந்து கேட்டால்
கண்ணைக் கட்டும் பிலேமோனே,
காலி டப்பா நூறு வைத்தேன்,
கண்ணை மூடி எண்ணிக்கொள்ளும்."

சிரிப்பு ஒரு மூலையில் வெடித்து அடங்கியது. மருந்துக்கடையில் மூன்று மாதமாகக் காய்ச்சல் மாத்திரை இல்லாதது ஊருக்கே தெரியும். வேலியைத் தள்ளிப் போட்டவனுக்கு ஒரு பாட்டு, கோயில் மணிக்காரனுக்கு ஒன்று, பஸ்ஸில் நின்றுகொண்டே போனவர்களுக்குக் காலில் புடைக்கிற வெரிகோஸ் நரம்பும் காலித் தைலப் புட்டியும். கியோமாருக்கும் வைத்திருந்தாள்.

"பின்வாசல் வழியே வந்து
பேசிவிட்டுப் போனவளே,
முன்வாசல் சாவி தாரேன்,
மூஞ்சி காட்டி வந்து போ."

கியோமார் கையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. பிறகு தூலியா ஊருக்கு எழுதியதை வாசித்தாள்.

"போன வருசம் கோழி என்றேன்,
பொங்கிப்போச்சு ஊரு;
கோழிகூடக் குஞ்சு போனால்
கூவித் தேடும், பாரு."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. முன்வரிசையில் ஒரு பெண், பூகம்பத்தில் தாயைப் பறிகொடுத்தவள், கீழே உட்கார்ந்துவிட்டாள். பிலேமோன் போதும் என்று கையைக் காட்டினார். தூலியா அவர் பக்கம் திரும்பவில்லை. கடைசிப் பக்கத்தை எடுத்தாள்.

"இது பாட்டு இல்ல. எனக்கு வரல. காசியானோவுக்கு" என்றாள்.

அவள் கறுப்புக் கவுனைப் பார்த்து வாசித்தாள்.

"பூகம்பம் வந்த சனிக்கிழமை மத்தியானம் நீ அவன்கிட்ட போட்ட சண்டையை உனக்கு எழுதி வைக்கிறேன். படகு மோட்டாரை மணல்ல இழுத்து உடைச்சுட்டான்னு கத்தின. உருப்படாதவன்னு சொன்ன. அவன் உன்னைக் கிழட்டு நண்டுன்னு சொன்னான். கதவு அடிச்ச அடியில செவுத்துல சுண்ணாம்பு விழுந்துச்சு. கூடத்துல இருக்கற பையன் அப்படிச் சொல்ல மாட்டான், அவனுக்குத் தெரியாது. அவன் கையசைப்பான், சிரிப்பான், நீ எது சொன்னாலும் ஆமாம்பான். அவன் யாருன்னு எனக்குத் தெரியல. நாம பெத்தவன் உன்னை நண்டுன்னு சொல்றவன். அவனை எனக்கு விட்டுட்டு நீ வேற ஒருத்தன்கிட்டப் போய் உக்காந்துட்ட. நாலு வருசமா அவனை நான் ஒத்தையா வச்சு அழறேன் காசியானோ. பாதியை நீ எடுத்துக்கோ. அவ்வளவுதான் உயில்."

அவள் காகிதத்தை மடித்தாள். போன வருடத்துக் கோபம் இந்த வருடம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும் என்று எதிர்பார்த்து அவள் நேராக நின்றாள். வந்தால் வரட்டும்.

காசியானோ எழுந்தான். ஒரு முலாம்பழம் கழன்று உருண்டு ஓடியது. யாரும் அதைப் பிடிக்கவில்லை.

"நண்டுன்னு சொல்லல" என்றான்.

"என்ன?"

"அவன் நண்டுன்னு சொல்லல. கிழட்டுத் திருக்கைன்னான். நீ அடுப்படியில இருந்த, உனக்குச் சரியாக் கேக்கல. கேக்காததை எழுதாத." ஒரு வருடத்தில் அவன் அவளோடு பேசிய முதல் பேச்சு அது. "உருப்படாதவன்னு சொன்னதோட நான் விடல. அதையும் நீ கேக்கல. என் முகத்துலயே முழிக்காதடான்னு சொன்னேன்."

அவன் கூட்டத்தைப் பார்த்தான், கூடத்தின் தகரக் கூரையைப் பார்த்தான்.

"முழிக்காதன்னு சொன்னேன் தூலி. அவன் சாயங்காலமே போயிட்டான். அதான் தினமும் போய் முழிக்கிறேன். நீ கோழின்னு பாட்டுக் கட்டுற."

நாலு வருடமாக ஒரே சண்டையைப் பற்றி எழுதியும் யோசித்தும் வந்த தூலியாவுக்கு அதன் முக்கியமான வரி தெரிந்திருக்கவில்லை. தான் போன வருடம் எதைக் குத்தினோம் என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் அவள் பின்வாங்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி அவன் எதிரில் போய் நின்றாள்.

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"எதுக்கு?"

"முழிக்காதன்னு சொன்னியே. அதுக்கு. அவன் பதில் சொல்லாம போற ஆளா?"

காசியானோ நெற்றியைச் சுருக்கினான். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. கூடத்தில் இருக்கிறவனால் கேட்க முடியாது. காசியானோவின் மண்டைக்குள்ளும் அந்த மத்தியானம் தன் குரலோடு நின்றுபோயிருந்தது, அதற்குப் பிறகு வந்ததை அவன் பார்த்ததே இல்லை. உதட்டுச் சாயத்தைப் புறங்கையால் துடைத்தான். அது கன்னம் முழுக்க இழுபட்டது.

"சட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "கதவை அடிச்சான். அப்புறம் திரும்பவும் திறந்தான். ஆமா, திறந்தான். 'ராத்திரி சோத்துக்கு வருவேன், அப்ப மூஞ்சியைத் திருப்பிக்கோ. மீன் தலை எனக்கு'ன்னான்."

சொல்லி முடித்ததும் அவன் அவள் தோளைப் பிடித்தான். தூலியாவும் அவனைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் பொம்மையின் காலடியில் அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதார்கள். ஊர் பார்க்கிறதே என்றெல்லாம் இல்லை, வாய்விட்டு அழுதார்கள். மற்ற விதவைகள் தலைத்துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பிலேமோன் மணி ஐந்தேகால் ஆகிறது என்றார். கூடத்தில் எல்லாம் தயாராக இருக்கிறது, பழைய கோயிலில் விளக்குப் போட்டாகிவிட்டது என்றார். கொஞ்சம் பேர் போகத்தான் செய்தார்கள். போகிறபோது தூலியாவை ஒருத்தி வாயில் வந்தபடி திட்டிவிட்டுப் போனாள், பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் தாயைப் பறிகொடுத்தவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. "எங்கம்மா அங்க சிரிச்சுக்கிட்டே நிக்கிறா" என்றாள் பொதுவாக. "அவ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எப்பப் பாத்தாலும் யாரையாவது பேசிக்கிட்டே இருப்பா, என்னையும் சேத்து." ரொட்டிக்கடையில் பூனை நாற்றம் அடிக்குமே, அது அங்கே அடிக்கவில்லையே என்றான் இன்னொருவன். அடிக்கவே இல்லை என்று அவன் பக்கத்து ஆள் சண்டைக்குப் போனான். மேடைப் பக்கம் குரல்கள் ஏற ஆரம்பித்தன.

காசியானோ மூக்கைக் கறுப்புக் கவுனில் துடைத்துக்கொண்டு எழுந்து தீப்பெட்டி கேட்டான். யாரோ கொடுத்தார்கள். நீலக் கவுனின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தான்.

"நல்ல கவுனாச்சே இது. இதை எதுக்குக் கொடுத்த?"

"என்னை எரிக்கிறீங்க. பழசைப் போட்டுக்கிட்டா வருவேன்?"

அவன் கொளுத்தினான். மரத்தூள் என்பதால் மளமளவென்று பிடித்தது. தூலியா தன் தாடை கருகுவதைக் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தாள். வாக்கியத்தைச் சொல் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே இருவரும் நடந்தார்கள். தம்பி வீட்டுக்குத் திரும்புகிற முனையில் காசியானோ திரும்பவில்லை, அங்கே ஒரு முனை இருப்பதையே கவனிக்கவில்லை. கறுப்புக் கவுனை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் பேசிக்கொண்டே வந்தான். மோட்டாரைத் தூக்கி வா என்று மட்டும்தான் தான் சொன்னதாகவும், மணலில் இழுத்தது பையன் தப்புதான் என்றும் சொன்னான். மூன்று ஆள் தூக்குகிற மோட்டாரை ஒருவனைத் தூக்கச் சொன்னது யார் தப்பு என்று தூலியா கேட்டாள். அந்த விஷயத்தில் வீட்டு வாசல் வரைக்கும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.